வாசிக்கத் தந்த கட்டுரையில் யாழ்ப்பாணம்



கடந்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை நடந்த விஷயத்தை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும், இப்போது சீஜெப்பில் இருப்பவர்களுக்கும், "நீ என்ன எழுதியிருக்கிறாய் என்றே விளங்கவில்லை" என்று ஒரு தடவையாவது திட்டு வாங்கியவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறோம்.

எங்கள் வாலிபர் குழுவில் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமைகளில் டவுன்டவுனில் கூடிப் படிப்பது உங்களுக்குத் தெரியும். கீ-கொன்கோர்டியா மெட்ரோவில் இறங்கினால் ஒரு பக்கம் வகுப்பறைகள், மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். கோப்பிக் கடையில் இடம் கிடைத்தால் அங்கே இருப்போம், இல்லாவிட்டால் நிலத்தடிப் பாதையில் உள்ள சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வோம். அன்று எங்களோடு இருந்த ஒரு தங்கச்சி, முதலாம் வருட மாணவி, பையிலிருந்து நாலு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய பெயரும் அவர் படிக்கும் இடமும் இங்கே வேண்டாம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

அது எழுத்துப் பாடத்துக்கு அவர் கொடுத்த முதல் கட்டுரை. ஓரமெல்லாம் குறிப்புகள். "உன் வாதம் எங்கே?" "இதற்கும் தலைப்புக்கும் என்ன தொடர்பு?" "முதல் பக்கம் முழுவதையும் எடுத்துவிடலாம்." கடைசித் தாளில் இருந்த புள்ளியை அவர் கையால் மறைத்துக்கொண்டார்.

"எனக்கு இந்தப் பாடம் வேண்டாம் அக்கா. வாற வெள்ளிக்கிழமைக்குள்ளை விட்டால் சேர்டிபிக்கேட்டிலை வராதாம். விடப்போறன்."

"ஏன் விடுறாய்? அடுத்த கட்டுரையைத் திருத்தி எழுதலாந்தானே?"

"இங்கிலிஷ் எனக்குச் சரிவராது. அங்கை இருக்கிற மற்றப் பிள்ளையளுக்கு இது பிறந்ததிலையிருந்து தெரியும் போலை இருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியேல்லை."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களுக்குக் குத்தியது. ஏனென்றால் எங்களில் பலர் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு படித்தவர்கள். ஒருவர் இதே காரணத்தால் விரும்பிய துறையை விட்டுவிட்டுக் கணக்கியலுக்குப் போனவர்.

மூன்று மொழி, மூன்று கட்டுரை

முதலில் எங்கள் நிலைமையைப் பார்ப்போம். மொன்றியலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம். 1977ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டத்தின்படி குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டும் என்பதால் பதினொரு வருடம் பிரெஞ்சில் படிக்கிறோம். பிறகு சிலர் ஆங்கில சீஜெப்புக்கும் ஆங்கிலப் பல்கலைக்கழகத்துக்கும் வருகிறோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் போனவர்கள் உண்டு. மூன்று மொழி தெரியும் என்று பெருமையாகச் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று மொழியிலும் கட்டுரை என்ற பெயர் இருந்தாலும், அந்த மூன்றும் ஒரே சாமான் அல்ல.

தமிழ்ப் பள்ளியில் என்ன செய்தோம்? முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முன்னுரையில் ஒரு பழமொழியோ குறளோ வரவேண்டும். பொதுவான உண்மை ஒன்றைச் சொல்லி, மெல்ல மெல்லத் தலைப்புக்கு வரவேண்டும். எடுத்த எடுப்பிலேயே "என் கருத்து இதுதான்" என்று சொன்னால் அது அவையடக்கம் இல்லாத பேச்சு.

பிரெஞ்சுப் பாடசாலையில் முன்னுரைக்கு மூன்று படி உண்டு. சூஜே அமெனே, சூஜே போசே, சூஜே டிவிசே. அதாவது விஷயத்தை அழைத்து வருவது, முன்னே வைப்பது, பிரித்துக் காட்டுவது. முதல் படியில் கொஞ்சம் தூரத்திலிருந்தே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

ஆங்கில வகுப்பில் எதிர்பார்ப்பது வேறு. வாசகர் முதல் பத்தியிலேயே கேட்கிறார்: நீ எதை நிறுவப்போகிறாய்? அந்த ஒற்றை வாக்கியம் அங்கே இருக்கவேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு பத்தியும் அந்த வாக்கியத்துக்கு வேலை செய்யவேண்டும். ஆங்கில சீஜெப் மாணவர்கள் பட்டயம் பெறுவதற்கு எழுதும் மாகாணப் பரீட்சையும் இதைத்தான் சோதிக்கிறது: 4 மணி நேரம், தரப்படும் மூன்று வாசிப்புகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து 750 சொற்களில் ஒரு கட்டுரை. பிரெஞ்சு சீஜெப்பில் அதே நிலையில் 900 சொற்கள்.

இப்போது தங்கச்சியின் தாள்களைத் திரும்பவும் பார்த்தோம். முதல் பக்கத்தில் ஒரு பழமொழி, மொழி மனிதனுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு பத்தி, உலகில் எத்தனை மொழிகள் என்று இன்னொரு பத்தி. அவருடைய சொந்தக் கருத்து கடைசிப் பத்தியில் வந்தது. நல்ல கருத்துத்தான். தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் பிரெஞ்சுப் பாடசாலை ஆசிரியரும் சொல்லிக் கொடுத்ததை அவர் ஒழுங்காகச் செய்திருந்தார். அதற்குத்தான் புள்ளி குறைந்தது.

இது திறமைக் குறைவு அல்ல. இன்னொரு ஊரின் வீதி ஒழுங்கில் வண்டி ஓட்டியதற்கு வந்த தண்டப் பணம்.

'ரெட்டரிக்' என்றால் வெறும் பேச்சா?

அந்தப் பாடத்தின் பெயரில் 'ரெட்டரிக்' என்ற சொல் இருக்கிறது. செய்திகளில் அந்தச் சொல் வரும்போது உள்ளே ஒன்றும் இல்லாத மேடைப் பேச்சு என்ற பொருளில்தான் வருகிறது. ஆனால் வகுப்பில் அதற்குப் பழைய பொருள். ஒரு விஷயத்தில் மற்றவரை இணங்கவைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கண்டறியும் ஆற்றல் என்று அரிஸ்டாட்டில் அதை விளக்கினார். அவர் மூன்று வழிகளைச் சொன்னார். பேசுபவர்மேல் வரும் நம்பிக்கை ஒன்று, கேட்பவரின் மனநிலை இன்னொன்று, வாதத்தின் நியாயம் மூன்றாவது. கிரேக்கத்தில் ஈதோஸ், பாதோஸ், லோகோஸ்.

இது எங்களுக்குப் புதிய விஷயம் அல்ல. அகஸ்டீன் ஆயர் ஆவதற்கு முன் மிலான் நகரில் இந்தக் கலையைக் கற்பித்த ஆசிரியர். வேதாகமத்தை எப்படி விளங்கிப் போதிப்பது என்று அவர் எழுதிய நூலின் நாலாம் பகுதி முழுவதும் இதைப் பற்றியதுதான். சொல்பவர் கற்பிக்கவேண்டும், மகிழ்விக்கவேண்டும், அசைக்கவேண்டும் என்று ரோமப் பேச்சாளர் சிசரோ சொன்னதை அவர் எடுத்து ஆள்கிறார். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசியதை வாசித்துப் பாருங்கள். அவர் அந்த ஊராரின் பலிபீடத்திலிருந்தும் அவர்களுடைய புலவர்களிடமிருந்தும் தொடங்குகிறார். யூதருடைய ஜெப ஆலயத்தில் பேசும்போது அப்படித் தொடங்கவில்லை. ஆள் ஒருவர், செய்தி ஒன்று, சபைக்குச் சபை தொடக்கம் வேறு.

யாழ்ப்பாணத்திலும் இந்தக் கலைக்கு ஒரு கதை உண்டு. ஆறுமுக நாவலர் இளமையில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கண்டவர், 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம்முடைய சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். எதிர்த் தரப்பினரின் பேச்சு முறையையே கற்று, தம்முடைய செய்திக்குப் பயன்படுத்தினார். இன்று மேடைத் தமிழ் என்று நாங்கள் அறிவதில் அந்த இரண்டு பக்கத்தின் உழைப்பும் இருக்கிறது.

கோட்டுப் படங்கள்

தங்கச்சியின் பாடத்தில் ஒவ்வொரு வாரமும் வாசிப்புக் கட்டுரைகள் உண்டு. இரண்டாவது வாரம் வந்தது றொபர்ட் கப்லன் 1966இல் எழுதிய ஒரு பிரபலமான கட்டுரை. அதில் சில கோட்டுப் படங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதுபவரின் சிந்தனை நேர்கோடாகப் போகிறதாம். கீழைத்தேயத்தவரின் சிந்தனை சுருள்போலச் சுற்றி வருகிறதாம். பிரெஞ்சு போன்ற மொழிகளில் கோடு வளைந்து வளைந்து விலகிப் போகிறதாம்.

"அப்ப நான் சுத்தியும் போறன், வளைஞ்சும் போறன்" என்று தங்கச்சி சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. தன் தலையே தப்பாகச் செய்யப்பட்டது என்று யாரோ படம் போட்டுக் காட்டியதுபோல அவருக்கு இருந்தது. கப்லனுடைய நோக்கம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கு உதவுவதுதான். அந்தப் படங்களுக்கு ஆய்வாளர்களிடமிருந்து பல கண்டனங்கள் வந்தன. அவரும் பின்னாளில் தம் கருத்தைத் தளர்த்தினார். ஆனால் அந்த வாரம் வாசித்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது.

"மிச்ச வாசிப்பு என்ன இருக்கு?" என்று கேட்டோம். பாடத்திட்டத் தாளை எடுத்து வாசித்துக்கொண்டு போனவர் ஒரு பெயரில் நின்றார். "கனகராஜா... இது எங்கட பேர் எல்லோ?"

அந்தப் பெயர்

சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சுமார் பத்து வருடம் ஆங்கிலம் கற்பித்தவர். இடையில் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்டு, போர் நடந்துகொண்டிருந்த ஊருக்குத் திரும்பிப் போனார். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவுக்கு வந்தார். இப்போது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கல்விசார் எழுத்து என்ற துறையில் உலகம் முழுவதும் வாசிக்கப்படும் பெயர்களில் ஒன்று. கிறிஸ்தவ விசுவாசமும் ஆங்கிலக் கற்பித்தலும் பற்றிப் பல தரப்பினரும் உரையாடும் ஒரு தொகுப்பை 2009இல் இன்னொருவரோடு சேர்ந்து பதிப்பித்தவரும் இவரே.

தங்கச்சிக்குத் தரப்பட்டிருந்த கட்டுரை 2006இல் வந்தது. அதில் அவர் ஆராய்வது இன்னொரு யாழ்ப்பாணத்தவரை: பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. கரவெட்டியில் பிறந்து, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழ் நாடகம் பற்றி ஆய்வு செய்தவர், 2011இல் காலமானவர். சிவத்தம்பி தமிழில் உள்ளூர் வாசகருக்கு எழுதியது ஒன்று, ஆங்கிலத்தில் உள்ளூர் வாசகருக்கு எழுதியது ஒன்று, ஆங்கிலத்தில் வெளிநாட்டு வாசகருக்கு எழுதியது ஒன்று என மூன்று கட்டுரைகளைக் கனகராஜா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். தமிழில் எழுதும்போது தொடக்கத்தில் அடக்கம் தெரிகிறது. வெளிநாட்டவருக்கு எழுதும்போது என்ன சொல்லப்போகிறேன் என்பது முன்னே வந்து நிற்கிறது. உள்ளூர் ஆங்கிலக் கட்டுரை இரண்டுக்கும் நடுவில்.

எழுதியவர் ஒரே ஆள். அவர் தலைக்குள் சுருளும் இல்லை, நேர்கோடும் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று பார்த்து அவர் தெரிவு செய்கிறார். நெசவுத் தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடுவதுபோல மொழிகளுக்கிடையில் போய்வருவது என்று கனகராஜா இதைச் சொல்கிறார். பல மொழி தெரிந்த மாணவரின் எழுத்தில் வித்தியாசம் கண்டால் உடனே அதைத் தவறு என்று முடிவு கட்டவேண்டாம், அது தெரிந்தே செய்த தெரிவாகவும் இருக்கலாம் என்பது அவர் ஆசிரியர்களுக்குச் சொல்வது.

தங்கச்சி அந்தக் கட்டுரையை அன்றைக்கே, அந்தச் சாப்பாட்டு மண்டபத்திலேயே வாசித்து முடித்தார். பிறகு நூலகத்துக்குப் போய் அவருடைய இரண்டு புத்தகங்களை எடுத்தார். அது யாரும் வாசிக்கச் சொல்லாத வாசிப்பு.

தாள் இல்லாத ஊரில் ஆய்வு

ஒரு புத்தகம் 2002இல் வந்தது. கல்விசார் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் உலக அரசியலைப் பற்றியது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று சாதாரணமாகக் கேட்பது என்ன? நல்ல தாளில், குறித்த இடைவெளியில், குறித்த முறையில், இத்தனை பிரதிகள். இங்கே இருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. போர்க்கால யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. தாளுக்குத் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் விளக்கில் எழுதவேண்டும். பழைய தாளின் மறுபக்கத்தில் எழுதினால், திருத்தித் திருத்தி எழுதும் பழக்கம் எங்கிருந்து வரும்? தபால் போய்ச் சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. புதிய ஆய்விதழ்கள் கைக்குக் கிடைக்காதபோது 'அண்மைக்கால ஆய்வுகளைச் சுட்டவில்லை' என்று குற்றம் சொன்னால் என்ன செய்வது?

கனகராஜாவின் வாதம் இதுதான்: ஒரு கட்டுரை நிராகரிக்கப்படும்போது எப்போதும் அதன் அறிவுதான் நிராகரிக்கப்படுகிறது என்று நினைக்கக்கூடாது. சிலவேளை நிராகரிக்கப்படுவது தாளும் தட்டச்சு நாடாவும் மின்சாரமும். அப்படித்தான் ஏழை நாடுகளின் அறிவு உலகத்தின் கண்ணில் படாமலே போகிறது. ஆனால் அவர் அதோடு அழுது நிறுத்திவிடவில்லை. அந்த ஒழுங்குகளைக் கற்று, உள்ளே போய், பிறகு ஆங்கிலக் கற்பித்தல் துறையின் முக்கியமான சர்வதேச ஆய்விதழ் ஒன்றுக்கே ஆசிரியராக இருந்தார்.

மற்றப் புத்தகம் 1999இல் வந்தது. அதில் ஒரு பகுதி எங்களுக்கு நன்றாகப் பிடித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அமெரிக்காவில் தயாரித்த ஆங்கிலப் பாடப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடங்களில் வருகிற வாழ்க்கைக்கும் குண்டு விழும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை. மாணவர்கள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆனால் வருட முடிவில் புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தால், ஓரங்களில் ஒரு தனி உலகமே இருந்தது. தமிழில் குறிப்புகள், நக்கல், காதல், போராட்டம், பாடப் புத்தகப் படங்களுக்கு வரைந்த மீசையும் உடுப்பும். வாய்மூடி இருந்தவர்கள் ஓரத்தில் பதில் எழுதியிருந்தார்கள்.

வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து ஒன்றும் பேசாமல் வரும் எங்கள் தம்பிமாரை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்குப் போன புத்தகம்

தங்கச்சியின் அப்பா டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். மாலை நாலு மணிக்குப் போனால் வீட்டுக்கு வர நள்ளிரவு தாண்டும். மகள் படிக்கும் இடத்துக்கும் அவர் வேலை செய்யும் இடத்துக்கும் பத்து நிமிட நடை. ஆனாலும் இருவரும் ஒரு நாளும் டவுன்டவுனில் சந்தித்ததில்லை. அவர் நாட்டில் எதுவரை படித்தார் என்று மகளுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் "அதுக்கென்ன இப்ப" என்று போய்விடுவார்.

அடுத்த நாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனபிறகு, தாள் தட்டுப்பாடு பற்றிய பக்கங்களைத் தங்கச்சி அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் விளக்கியிருக்கிறார். "அப்பா, உங்கட யாழ்ப்பாணம் இதிலை இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு கேட்டது: "இதை வெள்ளைக்காரப் பிள்ளையளும் வாசிக்கினமோ?"

"ஓம் அப்பா. வகுப்பிலை எல்லாரும் வாசிக்கவேணும். சோதினைக்கும் வரும்."

அதன்பிறகுதான் அவர் சொல்லத் தொடங்கினார். ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரத்துக்குப் படித்தது, ஒரு புத்தகத்தை நாலு பேர் முறை வைத்து இரவில் மாற்றிக்கொண்டது, பரீட்சை தள்ளிப் போனது, பிறகு இடம்பெயர்ந்து அந்தப் பரீட்சையை எழுதாமலே போனது. "நான் படிப்பிலை மோசமில்லை" என்று அவர் சொன்னாராம். பதினெட்டு வருடத்தில் அந்த வசனத்தை மகள் கேட்டது அன்றுதான்.

மகள் தன் நாலு தாளையும் எடுத்து அவருக்குக் காட்டினார். புள்ளியைக் கையால் மறைக்கவில்லை. பாடத்தை விடும் கடைசி நாளான வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவர் விடவில்லை.

நன்னூலில் இருக்கிறதே!

இந்தக் கதையை எங்கள் சபையில் உள்ள ஒரு மாமாவிடம் சொன்னோம். ஊரில் தமிழ் ஆசிரியராக இருந்தவர். நாங்கள் ஆங்கிலக் கட்டுரையின் ஒழுங்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். "இதுக்கு ஏன் பிள்ளையள் அவ்வளவு தூரம் போறியள்? நன்னூல் பாயிரத்திலை இருக்குதே."

நன்னூல் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கணம். அதன் தொடக்கத்தில் ஒரு நூல் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு பகுதி வருகிறது. முப்பத்திரண்டு உத்திகளில் முதலாவது 'நுதலிப் புகுதல்'. சொல்லப்போவதை முதலில் குறிப்பிட்டுவிட்டு உள்ளே போவது. ஆங்கில வகுப்பு முதல் பத்தியில் கேட்பது இதற்குப் பக்கத்து வீடு. 'தொகுத்துச் சுட்டல்', பிறகு 'வகுத்துக் காட்டல்'. முதலில் சுருக்கிச் சொல்வது, பிறகு பிரித்து விளக்குவது. 'பிறன்கோட் கூறல்' என்றால் மற்றவர் கொள்கையை எடுத்துச் சொல்வது. இது இன்ன ஆளின் கருத்து என்று நாங்கள் கட்டுரையில் குறிப்பிடுகிறோமே, அந்த நேர்மைக்குத் தமிழில் ஏற்கனவே பெயர் இருக்கிறது.

இன்னும் ஒன்று. ஒரு நூலாசிரியர் மற்றவர்களின் கருத்துக்கு முன் எடுக்கக்கூடிய ஏழு நிலைகளை நன்னூல் சொல்கிறது. அதை 'மதம்' என்கிறது, இங்கே கொள்கை என்று பொருள். உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுப் பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி நிறுவலாம். இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளலாம். 'அவர்கள் சொல்வது இது, நான் சொல்வது இது' என்று இன்று வட அமெரிக்க வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுவேதான்.

பத்துக் குற்றங்களும் உண்டு. குறைத்துச் சொல்வது, மிகைப்படுத்துவது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரண்படுவது, வேறொன்றை விரித்துக்கொண்டு போவது, போகப் போகத் தேய்ந்து முடிவது. தங்கச்சியின் தாள்களில் ஓரக் குறிப்பு எழுதியவர் நன்னூல் வாசித்தவரோ என்று மாமா கேட்டார்.

அப்படியென்றால் கப்லனின் கோட்டுப் படத்தை என்ன செய்வது? நேராகச் சொல்வது ஆங்கிலேயரின் சொத்து அல்ல. அவையடக்கம் தமிழரின் குறைபாடும் அல்ல. எங்கள் மொழியிலேயே இரண்டும் இருக்கின்றன. எங்கே எதை எடுப்பது என்பதுதான் படிக்கவேண்டிய கலை.

பிறகு நடந்தது

தங்கச்சி பாட ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போனார். "எனக்கு இப்படித்தான் இரண்டு மொழியில் சொல்லிக் கொடுத்தார்கள், இங்கே என்ன வேறு?" என்று நேரடியாகக் கேட்டார். அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உதவவில்லை. பிரெஞ்சுப் பாடசாலையிலிருந்து வந்த வேறு பிள்ளைகளும் அதே பிழையைச் செய்திருந்தார்கள். "எனக்கு மட்டுந்தான் தெரியேல்லை" என்றது உண்மையில்லை என்று அப்போது தெரிந்தது.

இரண்டாவது கட்டுரையில் அவர் கப்லனையும் கனகராஜாவையும் எதிரெதிரே வைத்தார். முதல் பத்தியின் கடைசி வாக்கியத்தில் தன் வாதத்தைச் சொன்னார்: கட்டுரையின் ஒழுங்கு வாசகரோடு செய்யும் உடன்பாடு, எழுதுபவரின் புத்திக்கு அளவுகோல் அல்ல. சான்றாக நன்னூலின் ஏழு நிலைகளைக் காட்டினார். புள்ளி வானத்தில் ஏறவில்லை, ஆனால் நன்றாக ஏறியது. "இன்னும் சான்று வேண்டும்" என்று ஒரு குறிப்பும் இருந்தது. அது நியாயமான குறிப்புத்தான். பாடத்தில் அவர் சித்தியடைந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் கட்டுரைக்குப் பிறகு, இனி கணினியிடம் கொடுத்து எழுதுவித்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. எங்களிலும் சிலருக்கு வந்திருக்கிறது. பிடிபட்டால் தண்டனை என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. அந்த நாலு தாளை அவரே எழுதித் தோற்றிருக்காவிட்டால், அந்த வாசிப்புப் பட்டியலை அப்படித் தேடிப் பார்த்திருக்கமாட்டார், அப்பாவிடம் கொண்டுபோகவும் ஒன்றும் இருந்திராது.

உங்களுக்குச் சில குறிப்புகள்

முதலாவது, எழுதத் தொடங்குமுன் 'இதை வாசிப்பவர் எதை எதிர்பார்க்கிறார்?' என்று கேளுங்கள். தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். நல்ல புள்ளி பெற்ற பழைய மாதிரிக் கட்டுரை இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பழமொழியும் பொது உண்மையும் மனதில் வந்தால் எழுதிவிடுங்கள். முதல் பிரதியில் அது உங்களைச் சூடாக்கும் வேலை. இரண்டாவது பிரதியில் கடைசிப் பத்தியைத் தூக்கி முதலில் வையுங்கள். உங்கள் வாதம் அனேகமாக அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, வாசிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். ஓரத்தில் தமிழில் எழுதுங்கள். ஏற்கிறேன், இல்லை, இதற்கு ஆதாரம் என்ன, இது எங்கள் வீட்டில் நடந்தது. அந்த ஓரக் குறிப்புத்தான் நாளைய கட்டுரை. நூலகப் புத்தகம் என்றால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, டவுன்டவுனில் உள்ள பல்கலைக்கழகங்களில் எழுத்துக்கு உதவும் மையங்கள் இருக்கின்றன. அங்கே போவது வெட்கம் அல்ல. மக்கில், கொன்கோர்டியா இரண்டிலும் பொதுவாகப் பாட வேலைகளைப் பிரெஞ்சிலும் கொடுக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. உங்களுக்குப் பிரெஞ்சு கைவந்தால் அந்த வழியையும் யோசியுங்கள்.

ஐந்தாவது, பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலம் அவர்களுக்குக் கடினம் என்று நாங்களே முடிவு கட்டுகிறோம். அவர்களுக்குத் தெரிந்த விஷயம் அந்தப் பக்கத்தில் இருக்கலாம்.

கடைசியாக ஒரு சிறு தகவல். கொன்கோர்டியா 1974இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது. அதில் ஒன்றான சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ், இளைஞர் கிறிஸ்தவ சங்கமான வை.எம்.சி.ஏ. இந்த டவுன்டவுனில் நடத்திய மாலை வகுப்புகளிலிருந்து வளர்ந்தது. பகலில் வேலை செய்தவர்கள் இரவில் வந்து படித்த இடம் அது. இதைத் தங்கச்சி தன் அப்பாவுக்குச் சொன்னார். அவர் வழக்கம்போல "அதுக்கென்ன இப்ப" என்றாராம். ஆனால் அந்த 2002ஆம் ஆண்டுப் புத்தகத்தின் பிரதி எடுத்த பக்கங்கள் இப்போது அவருடைய வேலைப் பையில் இருக்கின்றன. மெட்ரோவில் வாசிக்கிறார். ஓரங்களில் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறார் என்று மகளுக்கு இன்னும் காட்டவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு மூன்று கேள்விகள். உங்கள் படிப்பில் "எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்று நீங்கள் நினைத்தது எது? அதை இதுவரை யாரிடமாவது கேட்டீர்களா? உங்கள் அப்பாவோ அம்மாவோ எதுவரை படித்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பதில்களோடு வாருங்கள். சனிக்கிழமை அதே மேசையில் காத்திருப்போம்.